புயலின் முதுகு

மூடிவிட்ட விடுதியின் ஏலத்தில்
நானூறு குரோனருக்கு
ஒரு புயலை வாங்கி வந்தான் தூர்லைஃப்.
காருக்குள் நுழையவில்லை.
கூரைமேல் கட்டி,
பாரென்ட்ஸ் கடலின் நிஜக் காற்று அதை அறைய அறைய
ஓட்டி வந்தான்.

சாப்பாட்டு மேசைக்கு மேலே மாட்டினோம்.
கருநீலம். அதற்குள் ஒரு பச்சை,
கெட்டுப்போன மீனின் செவுளில் வருமே, அது.
முக்கால்வாசி மூழ்கிய படகு.
படகில் யாருமில்லை.
"இருந்தாங்க," என்றான் எஸ்கில், ஏழு வயது,
உருளைக்கிழங்கை முள்கரண்டியால் குத்தியபடி.

நவம்பர் கடைசியில் சூரியன் கிளம்பியது.
இங்கே அது வழக்கம்தான்;
போகும்போது யாரிடமும் சொல்லிக்கொள்ளாது.
பதினொரு மணிக்கு ஒரு சாம்பல் நீலம் வரும்,
ஒன்றரைக்குள் வடிந்துவிடும்.
பாத்திரம் கழுவும்போது நிமிர்ந்தால்
ஜன்னலில் கடல்.
துடைத்துக்கொண்டு திரும்பினால்
கடல்.

நான் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள்.
நிறங்களைப் பற்றி எனக்குத் தெரிந்தவை மூன்று,
எங்கள் தீவில் அந்தக் கம்பமும் கிடையாது.
இருந்தாலும் கவனித்தேன்.
யாரோ துரத்துவதுபோலச் சாப்பிட்டோம்.
உப்பு கேட்டால் சண்டை வந்தது.
கேட்காமல் எட்டி எடுத்தாலும் வந்தது.
எஸ்கில் இடம் மாறி, படத்துக்கு முதுகு காட்டி உட்கார்ந்தான்;
இரண்டு நாள்தான்.
பின்னாலிருந்து அலை வருகிறதாம்.
தூர்லைஃப் மட்டும் நகரவில்லை.
பதினான்கு வருடமாக மீன் ஆலையில் கத்தி பிடிப்பவன்,
தண்ணீரில் கால் வைக்காதவன்,
அப்பாவின் படகைப் பற்றி
என்னிடம்கூட ஒரே ஒரு முறை பேசியவன்,
தினமும் அதற்கு நேரெதிரே உட்கார்ந்தான்.

டிசம்பர் பதினொன்று, இரவு
(எப்போதும் இரவுதான்; கடிகாரத்தின் இரவைச் சொல்கிறேன்)
ஸ்டூல் போட்டு ஏறி
புயலைக் கழற்றித் திருப்பி மாட்டினேன்.
முகம் சுவருக்கு.

காலையில் யாரும் எதுவும் சொல்லவில்லை.

முதுகு இப்படி இருந்தது:
காய்ந்த ரொட்டியின் நிறத்தில் துணி.
குறுக்கே ஒரு மரச்சட்டம்.
துருப்பிடித்த பதினெட்டு ஆணி என்று எஸ்கில் எண்ணினான்,
எனக்குப் பதினேழுதான் வந்தது.
மூலையில், பென்சிலில், ஒரு கழித்தல்:
முன்னூற்றிருபதில் நாற்பத்தைந்து போக
இருநூற்றெண்பத்தைந்து.
அதன் கீழே, அதே கையெழுத்தில்,
'ரங்ஃப்ரிட் வேண்டாம் என்றுவிட்டாள்.'

எதை?
படத்தையா, பணத்தையா, வரைந்த ஆளையா?
அன்றைய சாப்பாடு ஐம்பது நிமிடம் நடந்தது.
ரங்ஃப்ரிடுக்கு ஒரு தபால் நிலைய வேலை கொடுத்தோம்.
எஸ்கில் அவளுக்கு ஒரு நொண்டி நாய் கொடுத்தான்.
"பத்தைக் கடன் வாங்கியிருக்கான்,
வாங்கினதை மறந்துட்டான், மடையன்,"
என்று தூர்லைஃப் சிரித்தபோது
வாயில் வெண்ணெய் தெரிந்தது.
அந்த வாயை நான் பார்த்து
எவ்வளவு நாளாகியிருந்தது.

அந்தப் பழுப்பை அழகு என்று சொல்ல மாட்டேன்.
நம்மிடம் எதையும் கேட்காத நிறம்,
அவ்வளவுதான்.
மாவு, அட்டைப்பெட்டி, கம்பளிச் சட்டையின் உள்பக்கம்.
கிறிஸ்துமஸுக்கு வந்த ஓட்ஹில்
"படம் திரும்பியிருக்கே, சரி பண்ணட்டுமா?" என்று எழுந்தாள்.
மூன்று பேரும் ஒரே நேரத்தில்
"வேண்டாம்" என்றோம்.
பாவம், உட்கார்ந்துவிட்டாள்.

ஜனவரியில் ஒரு மதியம் சூரியன் வந்தது,
நான்கு நிமிடம்.
பஸ்ஸை மேட்டில் நிறுத்திப் பிள்ளைகளை இறக்கிவிட்டேன்;
கத்தினார்கள், கண் கூசினார்கள்.
வீட்டுக்கு வந்தால்
சுவரில் வெறும் ஆணி.
தூர்லைஃப் ஜன்னலோரம் நின்றிருந்தான்,
புயலை இரண்டு கையாலும் ஏந்தி,
அதன் முகம் தன் பக்கமாக.
வெளிச்சம் போய்விட்டிருந்தது,
அவன் இன்னும் பிடித்திருந்தான்.

"படகுல ஆள் இருக்கான்னு பார்த்தேன்."

"இருக்காங்களா?"

"இல்ல."

திரும்ப மாட்டினான், முகம் சுவருக்கு.
இடது பக்கம் சற்றே தாழ்ந்திருந்தது.
இருக்கட்டும் என்றேன்.
தட்டுகளை எடுத்து வைத்தேன்.