இடது காதுக்கு ஒன்று

கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து
பீப் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னாள் ஜெபசீலி.
கேட்டதற்கும் அழுத்தினேன்,
கேட்டிருக்கும் என்று தோன்றியதற்கும்.
இருபத்து மூன்று வருஷம் இப்படித்தானே
டிக்கெட் கிழித்திருக்கிறேன்.

காகிதத்தில் என் காது ஒரு மலைச்சரிவு.
இடப்பக்கம் மேட்டில் தொடங்கி
வலப்பக்கம் தொபுக்கென்று விழுகிறது.
"அண்ணா, அ, ஆ எல்லாம் நல்லா கேக்குது உங்களுக்கு.
க, ச, த, ப தான் போயிருக்கு."
அதாவது
உயிர் இருக்கிறது, மெய் இல்லை.
பாகாயம் என்பது ஆ... ஆ... அம்.
காட்பாடி என்பது ஆ... ஆ... இ.
பஸ் எந்தப் பக்கம் போகிறது என்று தெரிந்ததால்
பிழைத்தேன்.

விசில் என் வாயில்.
பாட்டுப் பெட்டி என் தலைக்கு மேல்.
ரேணுகாம்பாள் பஸ்ஸில் பாட்டு நின்றால்
கூட்டம் பின்வண்டிக்குப் போய்விடும் என்பார் ஓனர்.
இதைக் கேட்டு
அவள் எதையோ எழுதிக்கொண்டாள்.

மேஜையில் மூன்று டப்பா.

முதலாவது மொச்சைக்கொட்டை அளவு,
காதுக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும்.
யாருக்கும் தெரியாது என்றாள்.
அக்னி நட்சத்திரத்தில் பன்னிரண்டு மணி டிரிப்பை
அந்த மொச்சை பார்த்ததில்லை.
ஒரு வாரம் என் வியர்வையைக் குடித்தது.
எட்டாம் நாள் ஊமையானது.

இரண்டாவது போனோடு பேசும். லட்சத்துப் பத்தாயிரம்.
எதிரில் இருப்பவர் குரலைப் பிடித்துக்கொண்டு
பின்னால் வருகிற சத்தத்தைத் தானே குறைக்கும்.
ஆபீசர்களுக்கு நல்லது.
எனக்கு உலகமே பின்னால்தான்.
"எறங்கணும்" என்பவர்,
"மீதி அஞ்சு ரூபா" என்பவர்,
"புள்ள இன்னும் ஏறலப்பா" என்று அலறுகிறவள்.
அதையெல்லாம் இரைச்சல் என்று தள்ளுகிற அறிவு
அத்தனை விலைக்கு வேண்டாம்.

மூன்றாவது முப்பத்தெட்டாயிரம், கொஞ்சம் பருமன்.
காதுக்குப் பின்னால் நான் பேனா செருகும் இடத்தில்
போய் உட்கார்ந்தது.
பேனா சட்டைப்பைக்கு இறங்கியது.
அட்டையில் தோல் நிறம் என்று போட்டிருந்தது.
யார் தோலோ.

வீட்டில் போட்டுப் பாருங்கள் என்று அனுப்பினாள்.
தேவயானி கதவைத் திறந்து "சாப்டியா" என்றாள்.
காட்பாடி ஜங்ஷன் அறிவிப்பு மாதிரி இருந்தது.
"ஏன்டி கத்துற?"
அவள் கத்தவில்லை.
ஆறேழு வருஷமாக எனக்காக ஏற்றிவைத்த குரல்
இறங்க மறந்துவிட்டது.
"எப்பப் பாரு சண்டைக்கு வர மாதிரியே பேசுற" என்று
அவள் தங்கை போனை வைத்துவிட்டாளாம், போன தீபாவளிக்கு.
சொல்லியிருப்பாள் என்னிடம்.
ஆ... ஆ... அ என்று வந்திருக்கும்.

அன்று ராத்திரி மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள்:
தண்ணி. பாய். லைட்டை நிறுத்து.
புதுச் செருப்பில் நடக்கிறவள் போல.
பொத்தானில் இரண்டு குறைத்தேன்.
பிறகு ஒன்று ஏற்றினேன்.

ரெண்டு காதுக்கும் போட்டால்தான் திசை தெரியும்
என்றாள் ஜெபசீலி. வாஸ்தவம்.
சீட்டு எடுத்த பணம் ஒரு காதோடு தீர்ந்தது.
எந்தக் காது என்று கேட்டாள்.
இடது, என்றேன். படிக்கட்டுப் பக்கம்.

திங்கட்கிழமை முதல் டிரிப்.
காட்பாடியில் ஒரு பெரியவர் "பாகாயம்" என்றார்.
பாவில் ப் இருந்தது. காவில் க் இருந்தது.
அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன்,
பயந்துபோய் இன்னொரு பத்து ரூபாய் நீட்டினார்.

கிரீன் சர்க்கிள் தாண்டியதும்
கடைசி சீட்டில் ஒருவன் பக்கத்தவனிடம்,
"டிக்கெட்லாம் வேணாம்டா. அந்தாளு செவுடு."

ஒரு மெய்கூடச் சிந்தாமல் வந்து சேர்ந்தது.

விரலை நாக்கில் தொட்டு
இரண்டு கிழித்தேன்.
"பாகாயம் ரெண்டு," என்றேன், மெதுவாகத்தான்.
"சில்லறையா குடு."