பொருள் என்ற கட்டம்

கொண்டலாம்பட்டி பைபாஸில் எடைமேடை வைத்திருப்பவனுக்கு
உலகம் மூன்று வரி:
மொத்தம், வண்டி, சரக்கு.
வெள்ளைக்கல், ஜவ்வரிசி, கோழித்தீவனம்,
எது ஏறினாலும் சீட்டில் ஒரு கட்டம் உண்டு,
பொருள் என்று.
அதை நிரப்பாமல் அச்சுப்பொறி அசையாது.

மொம்பாசாவிலிருந்து வந்த லேண்ட்ரோவர்
சென்னைத் துறைமுகத்தில் பத்தொன்பது வாரம் கிடந்தது.
வாடகை மட்டும் நிற்காமல் ஓடியது.
"ஓடாத வண்டியைக் கப்பலேற்றி வரவழைப்பானேன்?"
அதிகாரி கேட்டார்.
"ஓட்டத்தான்" என்றேன்.
பேனாவை மூடிவிட்டு டீ குடிக்கப் போனார்.

ட்ரெய்லரிலிருந்து இறக்கி
முதலில் என் மேடையில்தான் நிறுத்தினேன்.
ஆயிரத்து முந்நூற்று எண்பது கிலோ.
பழைய இரும்பு என்று தட்டினேன்.
"கதவெல்லாம் அலுமினியம்" என்றாள் ரெஜினா.
சேலம் ஜங்ஷன் கவுண்ட்டரில் முப்பத்தொரு வருஷம்
அடுத்தவர் போகும் ஊருக்கெல்லாம் சீட்டு கொடுத்தவள்.
அவளுடைய பி.எஃப். பணத்தில்தான்
பாதி வண்டி கடல் தாண்டியது.

செவ்வாய்ப்பேட்டை ஷெட்டில் சாகுல்
சேஸிஸைப் புரட்டிப் போட்டுச் சுத்தியால் ஒரு தட்டு.
உள்ளேயிருந்து சிவப்பு மண் கொட்டியது.
அரவை மில்லில் மிளகாய்த்தூள் விழுவதுபோல்
கொட்டிக்கொண்டே இருந்தது.
யாரோ, எந்த ஆற்றையோ கடந்தபோது ஏறியது.
என் மேடைக்குப் பத்து கிலோவுக்குக் கீழே பேச்சு வராது.
மளிகைக்கடைத் தராசில் வைத்தேன்: நாலே கால்.
பத்திரப்படுத்தத்தான் நினைத்தோம்.
அன்றிரவே பெய்த மழையில்
நம்மூர் வெள்ளைக்கல் தூளோடு சேர்ந்து
சாக்கடைக்குப் போய்விட்டது.

விரிசலைப் பட்டி பூசி மறைக்க
சாகுல் ஒப்பவில்லை.
"போட்டோவுக்கு ஆகும். மலைக்கு ஆகாது."
வெட்டி எறிந்து புதுத்தகடு வைத்துப் பற்றவைத்தான்.
நாலு சக்கரமும் இழுக்க
அழுத்த வேண்டிய மஞ்சள் குமிழ் உடைந்திருந்தது.
உலகத்தில் எங்கெங்கோ கேட்டுப் பார்த்துவிட்டு,
குகையில் கட்டில்கால் கடைபவரிடம் போனோம்.
வேம்பில் ஒன்று கடைந்து கொடுத்தார்.
மஞ்சள் நான்தான் அடித்தேன்,
கொஞ்சம் வழிந்துவிட்டது.

பதினான்கு மாதம்.
இடையில் இரண்டு முறை விற்றுவிடலாம் என்றேன்,
ஒரு முறை அவள்.
ஒரே நாளில் இருவரும் சொல்லாததால் தப்பித்தது வண்டி.

எனக்கு மாலைக்கண்.
ஆகவே ஸ்டீயரிங் அவளுக்கு, தண்ணீர் கேன் எனக்கு.
குப்பனூர் வழியாக ஏறினோம்.
கொண்டை ஊசி வளைவுகளில்
மடியில் எண்ணெய் கசியக் கசிய
கியர்களின் முனகலை அவள் எண்ணிக்கொண்டு வந்தாள்.
கொட்டச்சேடு தாண்டி எஸ்டேட் மண்பாதை.
பின்சக்கரங்கள் சுழன்றன, தோண்டின,
தோண்டிய பள்ளத்தில் உட்கார்ந்தன.
மிளகுக்கொடிக்குக் கீழே குடை பிடித்து நின்ற பெண்
"மேலே தள்ளணுமா, கீழே தள்ளணுமா?" என்று கேட்டாள்.
ரெஜினா பதில் சொல்லவில்லை.
வேப்பங்குமிழை அழுத்தினாள்.

ஒன்றும் நடக்கவில்லை.
பிறகு எங்கோ அடியில், டக்.
எங்கள் இருவர் பாதத்துக்கும் முன்னால்
மண்ணை எதுவோ கவ்வியது.
வண்டியை யாரோ வாசலில் நின்று
உள்ளே வா என்று கையைப் பிடித்து இழுத்த மாதிரி.
குடைக்காரி ஒதுங்கி நின்றாள்.
அவள் புடவையெல்லாம் சேறு. மன்னிப்புக் கேட்கவும்
பிரேக் மேல் அவ்வளவு நம்பிக்கை இல்லை எங்களுக்கு.

இரவு காப்பிச்செடிகளுக்கு நடுவே நிறுத்தித் தூங்கினோம்.
கூரை இரண்டு இடத்தில் ஒழுகியது.
ஒன்றுக்கு டிபன் டப்பா, ஒன்றுக்கு என் தோள்.

காலையில் இறங்கி நேரே மேடைக்கு.
கிளம்பியபோது இருந்ததைவிட முப்பது கிலோ கூடுதல்.
எங்களை இறக்கிவிட்டு, டப்பாவைக் கொட்டிவிட்டுப் பார்த்தும்
முப்பது.
"சேறு" என்று தட்டப் போனேன்.
ரெஜினா என்னை நகரச் சொல்லி
விசைப்பலகைக்கு முன் உட்கார்ந்தாள்.
பின்னால் ஜவ்வரிசி லாரி ஹாரன் அடித்தது.
பொருள் என்ற கட்டத்தில்
பழைய பழக்கத்தில், ஒற்றை விரலால்,
திப்ரூகர் என்று தட்டினாள்.

"அறுபது ரூபாய்" என்று கை நீட்டினாள்.
"சில்லறையா கொடுங்க."