மூன்றாவது பந்து

"அக்குள்ல கை குடுத்துத் தூக்காதீங்க,
நெஞ்செலும்பு சேர ஆறு வாரமாகும்."
பாபுராவ் தெரு லாட்ஜில் லிஃப்ட் இல்லை.
அடியில் ஒரு கை, முதுகில் ஒரு கை,
தளும்பாமல் நஸ்ரினை
மூன்றாம் மாடிக்கு ஏற்றினேன்.

மணிக்கொரு தரம் அந்த நீல டப்பா.
குழாயை வாயில் வைத்து இழுத்தால்
பந்து எழும்ப வேண்டும்.
முதல் பந்து எழும்பியது.
இரண்டாவது நடுங்கியது.
மூன்றாவது, அசைவேனா என்றது.
இருமல் வந்தால் தலையணையை
நெஞ்சோடு கட்டிக்கொள்வாள்.
அழுகையைக்கூட அடக்குவாள், அழுதால் வலிக்கும்.

எதிர் அறை வங்காளத்து அம்மா
கடுகெண்ணெய் வாசத்தோடு கதவில் சாய்ந்து
எண்ணுவாள்: ஏக், துய், தீன்.
எங்களுக்குள் வேறு பாஷை இல்லை.
அவள் மகனுக்கு இன்னும் தேதி தரவில்லை.

நாலாம் நாள் முரண்டு.
"நீ இழு பாப்போம், அத்தா."
குழாயைக் கழுவி வாங்கினேன்.
விஷாரத்துத் தோல் ஷாப்பில் இருபது வருஷம்,
சுண்ணாம்புக் குழி, பிறகு பஃபிங் தூசு.
இரண்டாவது பந்து
பாதி வழியில் உட்கார்ந்துவிட்டது.

சிரித்தாள்.
தலையணையை இறுக்கிக்கொண்டு
"வலிக்குது, சிரிக்க வைக்காதே" என்று
மறுபடி சிரித்தாள்.
"இப்பிடி இழுக்கணும்" என்று
எனக்குக் காட்டத்தான் இழுத்தாள்.

மூன்றாவது பந்து மேலே முட்டி
டக் என்றது.
எதிர்க் கதவில் பூட்டு.
விடியற்காலையில்தான் கூப்பிட்டிருந்தார்கள்,
பையனை, வெறும் வயிற்றோடு.

"தீன்" என்றாள் நஸ்ரின்,
அந்தப் பூட்டைப் பார்த்து.