தலைக்கனம்

பியானோ அல்ல, மிதி ஆர்கன்.
பெரில் மூன்று முறை திருத்தினாள்.
டாசன் குடாவின் கடைசிக் குடும்பமும்
ஸ்டேன்லிக்குப் போய்விட்டது.
கம்பளிக் கொட்டகையில் ஆர்கன் மட்டும்,
அதன் தலையில் ஆட்டுக்கு அடையாளமிடும்
சிவப்புச் சாய டப்பாவோடு.
வேண்டுமென்றால் எடுத்துக்கொள் என்று
ரேடியோவில் சொன்னார்கள்.
ரேடியோவில் சொன்னால் தீவு முழுக்கக் கேட்கும்.
இனித் தாமதிக்க முடியாது.

என் லேண்ட் ரோவரின் பின்பக்கத்தை அளந்தேன்.
ஆர்கன் போக நாலு விரல் மிச்சம்.
ஸ்டெப்னிக்கு அங்கே இடமில்லை.
ஸ்டெப்னி இல்லாமல் இந்த நிலத்தில்
பக்கத்து வீட்டுக்குக்கூட யாரும் கிளம்புவதில்லை.
பக்கத்து வீடு பதினேழு மைல்.

ஆக, பானெட்.
சுண்ணக்கட்டியால் வட்டம் வரைந்தேன்,
அழித்தேன், வரைந்தேன்.
மூன்று போல்ட், அடியில் ஒரு இரும்புத் தகடு,
தகடு இல்லாவிட்டால் அலுமினியம்
அப்பளம்போல் நெளிந்துவிடும் என்று
கேட்காமலே ரேடியோவில் சொன்னான் லாக்லன்.
கேட்காமல் சொன்னதில் அது ஒன்றுதான் சரி.
துரப்பணம் தொட்டதும்
வெள்ளிச் சுருள் சுருளாக எழுந்து
காற்றில் போனது வண்டியின் தோல்.
முதல் ஓட்டைக்குக் கை நடுங்கியது.
மூன்றாவதை விசிலடித்துக்கொண்டே போட்டேன்.

இருபத்தெட்டுக் கிலோ.
பெரில் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்,
ஏற்றி, சுழற்றி, துளை பார்த்து இறக்கி,
நட்டு முறுக்கி
இரண்டடி தள்ளி நின்று பார்த்தோம்.
நேற்றுவரை சாதுவாக இருந்த வண்டிக்கு
ஒரே நாளில் தலைக்கனம் வந்துவிட்டது.

இங்கே காற்று கதவுகளைப் பிடுங்கும்.
ஒரு முறை என் பானெட்டையே
முகத்துக்கு நேரே விரித்துக் காட்டியிருக்கிறது.
இனி முடியாது அதற்கு.
ஆனால் எனக்கும் முடியாது:
ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தால்
டயரின் தோளுக்கு மேல் வானம் தெரிகிறது,
டயர் தெரிகிறது,
தரை தெரியவில்லை.
கம்பளிச் சாக்கை நாலாய் மடித்து
அதன்மேல் ஏறி உட்கார்ந்தேன்.
பெரில் பார்க்காததுபோல் இருந்தாள்.

போகும்போது ஒன்றும் ஆகவில்லை.
ஆர்கனோடு திரும்பும்போது
அந்தப் பச்சையை நாங்கள் இருவருமே பார்க்கவில்லை.
மற்ற இடங்களைவிடக் கொஞ்சம் அழகான பச்சை.
முன்சக்கரங்கள் மெதுவாக,
சத்தமே இல்லாமல்,
பீட் சேற்றுக்குள் அச்சுவரை இறங்கின.

மரமில்லாத தீவு.
விஞ்ச் கயிற்றைக் கட்ட ஒரு கம்பம்கூட இல்லை.
பெரில் பானெட்டைப் பார்த்தாள்.
நானும்.
காலையில்தான் போட்ட நட்டு.
கிரீஸ் இன்னும் விரலில் இருந்தது.

முன்னால் பதினைந்து கெஜத்தில் மேட்டு நிலம்.
அங்கே பீட் வெட்டும் மண்வெட்டியால்
இடுப்பளவு பள்ளம் தோண்டி
சக்கரத்தை நிமிர்த்திப் புதைத்தோம்,
நடுத்துளையில் கயிறு கோத்து,
பின்பக்கம் கடப்பாரை குறுக்கே வைத்து.
பாரம் குறைக்க ஆர்கனை இறக்கினோம்.
அது மேட்டில் நின்றது.
யாரும் வாசிக்கவில்லை. அதற்கு நேரமில்லை.
ஒரு வாத்து மட்டும் அதைச் சுற்றி வந்தது.

விஞ்ச் பல்லுக்குப் பல் கிடுக், கிடுக்.
புதைந்த சக்கரம் ஒரு சாண் முன்னால் நகர்ந்தது.
நின்றது.
பிறகு வண்டிதான் நகர்ந்தது.

இருட்டும் முன் தோண்டியெடுத்து
கழுவாமலே மாட்டினோம்.
மூன்றில் ஒரு நட்டு சேற்றோடு போனது.
கம்பியால் கட்டினேன்.

ஆர்கன் பெரில் வீட்டில் இருக்கிறது.
இரண்டு சுரம் ஊமை என்கிறாள்.
ரேடியோவில் லாக்லன் கேட்கிறான்,
முன்னால் வைத்தது உபயோகமா என்று.
இதுவரை பஞ்சர் ஆகவில்லை என்றேன்.

வாரம் ஒரு நாள் ஆயில் பார்க்க வேண்டும்.
இரண்டு கையாலும் தம் கட்டி,
தாங்கு கம்பியை மாட்டும்வரை
என் தலையையும் கொடுத்துத்தான்
அந்த பானெட்டைத் தூக்குகிறேன்.