கிடாரம் இரண்டு

எங்கள் சங்கத்தில் நாற்பத்தொரு பேர்.
சொத்து: கிடாரம் மூன்று, தாச்சி இரண்டு,
அகப்பை பதினொன்று,
மடிப்புக் கதிரை நூற்றியிருபது, அதில் ஆறு ஆடும்.
போன மாசியிலிருந்து ஒரு டேப்லெட்.

ஓல்ட்டனில் ஒரு மாடிக் கட்டடத்தின் அடியில்
அணுகுண்டுக்குப் பயந்து கட்டிய அறை எங்கள் களஞ்சியம்.
கதவின் தடிப்பு என் முழங்கை நீளம்.
குண்டு விழவில்லை.
மாதம் எண்பது பிராங்க் கட்டிக்
கிடாரம் வைத்திருக்கிறோம்.

முன்பு கொப்பி இருந்தது.
"பெரியது, ரஞ்சி வீட்டில்" என்று இருக்கும்.
எந்த ரஞ்சி என்று இராது.
வாசுகியின் மகளுக்குச் சாமத்தியச் சடங்கு.
விடிய ஐந்து மணிக்கு
நாலு ரஞ்சிகளை எழுப்பிவிட்டேன்.
ஐந்தாவது ரஞ்சி ஆம்பிளை. கிடாரம் அவனிடம்.

அதற்குப் பிறகுதான் செயற்குழு கூடி
இரண்டு மணி நேரம் பேசியது.
"பழசு காணும்" என்றார் பொருளாளர் தவநேசன்.
மூலையில் கீறல் விழுந்தது, நூற்றுப்பத்து பிராங்க்.
மேசைவிரிப்பை வெட்டி உறை தைத்தவர் சுகிர்தா.

சாமான் வெளியே போக முன் ஒரு படம்,
திரும்பி வர ஒரு படம்.
நசிவு யார் வீட்டில் விழுந்தது என்ற சண்டை ஓயுமென்றார்கள்.
ஓயவில்லை.
இப்போது படத்தைப் பெருப்பித்து வைத்துச் சண்டை.

விரலால் ஒப்பமிட வேண்டும்.
குகநேசனின் விரலைக் கண்ணாடி ஏற்கவில்லை.
பதினேழு வருடம் கோப்பை கழுவிய விரல்.
ஊதினார், காற்சட்டையில் துடைத்தார், அழுத்தினார்.
"இது என்னை ஆளெண்டே மதிக்குதில்லை."
பிறகு கடைப் பையிலிருந்து ஒரு கரட்டை உருவி
நுனியால் போட்டார்,
கொப்பியில் போட்டதைவிட வடிவாக.
இன்றுவரை அவருக்குக் கரட் ஒப்பம்தான்.
சங்க யாப்பில் தடையில்லை, வாசித்துப் பார்த்துவிட்டேன்.

கீழே சிக்னல் வராது.
எழுதியது எழுதியபடி அதற்குள் கிடக்கும்.
மேலே ஏறி, சைக்கிள் நிறுத்துமிடத்தில்
இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தால்
ஒவ்வொன்றாய்ப் போகும்.
நிலவைப் படம் பிடிக்கிறாயா என்று கேட்டார்
எதிர் வீட்டு அம்ஸ்லர் அம்மா.
கதிரைக் கணக்கு என்றேன்.
என் ஜெர்மன் அவர் காதில் எப்படி விழுந்ததோ,
கையைப் பிடித்து வாழ்த்துச் சொன்னார்.

ஆவணியில் டேப்லெட்டைக் காணவில்லை.
யார் கொண்டுபோனது என்று
டேப்லெட்டில்தான் பார்க்க வேண்டும்.
கடைசியாய் மேலே போனது வெள்ளிக்கிழமைக் கணக்கு;
சனியும் ஞாயிறும் அதற்குள்ளேயே.
கொப்பியைத் தேடினேன்.
பங்குனியில் நான்தான் எறிந்திருந்தேன்.
"பழசு காணும் எண்டனான்" என்றார் தவநேசன்,
எதைச் சொன்னாரோ.

நாலாம் நாள் பூர்க்டோர்ஃபிலிருந்து போன்.
புஷ்பநாதன்.
மனைவியின் முப்பத்தொன்றுக்குக் கிடாரம் ஏற்றியவர்
ஒப்பமிட்டதும் டேப்லெட்டைக்
கிடாரத்துக்குள் வைத்து, மூடி,
அப்படியே தூக்கிப் போயிருக்கிறார்.
சோறு போட முன்தான் கண்டாராம்.

"மன்னிக்கவேணும். இன்னும் ரெண்டு நாள் வைச்சிருக்கலாமோ?"
கொஞ்சம் பொறுத்து,
"இதுக்குள்ள அவ நிக்கிறா" என்றார்.

சித்திரையில் அவர்தான் கொண்டுவந்து தந்தவர்.
நான்தான் எடுத்தேன் அந்தப் படத்தை.
கிடாரத்தைக் குழந்தைபோல் இடுப்பில் வைத்து
ஏதோ பகிடிக்கு வாய்விட்டுச் சிரிக்கிறா.
கீழே என் எழுத்து:
கிடாரம் இரண்டு. திரும்பியது. நசிவு இல்லை.

வீட்டில் உள்ள படமெல்லாம்
கடவுச்சீட்டுக்கு எடுத்த முகமாம்.
விளக்குக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்திருக்கிறாராம்,
அடிக்கடி அணைந்துபோகுதாம்,
தட்டித் தட்டி எழுப்புகிறாராம்.

பஸ் டிக்கெட்டின் பின்புறம் எழுதிக்கொண்டேன்:
டேப்லெட் ஒன்று, வெளியே, புஷ்பநாதன்.
திரும்பும் திகதி போடவில்லை.
சார்ஜர் இருக்கா என்று மட்டும் கேட்டேன்.