கொஞ்சம்

"எவ்வளவு இடைவெளி?" என்றார் ஹாக் லெங்.
"கொஞ்சம்" என்றேன்.
மார்சிலிங் ஈரச்சந்தைக்குப் பின்னால்
வாளிகளும் ஆணிப் பெட்டிகளும் நெருக்கும் கடை.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
"நாலு இருக்கு, ஏழு இருக்கு, பத்து இருக்கு.
கொஞ்சம் இல்லை."

அவர் சொன்னதைக் கேட்டிருக்கலாம்.
எனக்கு அவசரம். வெள்ளைச் சுருள்
மலிவாகத் தொங்கியது, விரலுக்கு மெத்தென்று.

விடியுமுன் சுமத்ரா காற்று வந்தது.
நீரிணையின் அக்கரையில்
ஜோகூர் விளக்குகள் வரிசையாக அழிந்தன.
பதினோராம் மாடிச் சன்னல்
பல்லைக் கடித்துக்கொண்டு விசிலடித்தது.
காலையில் அந்த வெள்ளையைப் பிழிந்தேன்.
அரைக் குவளை மழை.
தடுப்பதற்கு என்று வாங்கியது
சேமித்து வைத்திருக்கிறது.

முப்பத்தைந்து முடிந்த மறுமாதமே
'தனிநபர்' என்ற கட்டத்தில் குறியிட்டு
நான் வாங்கிய வீவக வீடு இது.
"தனியாகவா?" என்றவர்கள் அத்தனை பேரும்
பால் காய்ச்சிய அன்று வந்தார்கள்,
சன்னலைத் திறந்து பார்த்தார்கள்,
"நல்ல காற்று" என்று சொல்லி
லிஃப்டுக்கு நின்றார்கள்.
மூடிய பிறகும் அது நல்ல காற்றுதான்.
யாரும் மூடிப் பார்க்கவில்லை.

அக்காள் மகள் மறந்துபோன பச்சைக் களிமண்ணைப்
பட்டாணி பட்டாணியாக உருட்டி
சட்டத்தில் ஏழு இடத்தில் வைத்தேன்.
சன்னலை அழுத்தி மூடினேன். திறந்தேன்.
நசுங்கியதையெல்லாம் கத்தியால் பிளந்து
அளவுகோலின் ஓரத்தில் நிறுத்தினேன்.
கீல் பக்கம் மூன்று மில்லிமீட்டர்.
நடுவில் ஐந்து.
கொக்கிக்கு மேலே, மூலையில், எட்டு.
ஒன்று என்று நினைத்திருந்தேன்.
சன்னல் என்னைக் கேட்காமலே
இத்தனை வருடம் சாய்ந்திருக்கிறது.
இத்தனை வருடமும் அது வேறொருவருடைய சன்னல்.

ஏழு பச்சை வில்லைகளையும்
தாளில் ஒட்டி எடுத்துப்போனேன்.
ஹாக் லெங் சிரிக்கவில்லை.
கறுப்பு ரப்பரை நீட்டிக் கிள்ளிக் காட்டினார்.
"இதற்குள்ளும் குமிழிதான்.
ஆனால் ஒவ்வொன்றும் கதவைச் சாத்திக்கொண்டது.
ஒன்றில் புகுந்த தண்ணீர் அடுத்த வீட்டுக்குப் போகாது.
எட்டுக்கு எட்டு வாங்காதே, பத்து வாங்கு.
கொஞ்சம் நசுங்கினால்தான் அடைக்கும்.
ரொம்ப நசுக்கினால் செத்துவிடும், எழுந்து வராது."
மலாயும் ஆங்கிலமும் பிசைந்து பேசுகிறவர்
'செத்துவிடும்' என்பதை மட்டும்
கழுத்தைச் சாய்த்து, நாக்கை நீட்டிச் சொன்னார்.

ஞாயிறு முழுக்க அதுதான் வேலை.
பழைய பசையை
காலாவதியான வங்கி அட்டையால் சுரண்டினேன்.
ஸ்பிரிட்டால் துடைத்து, காயவிட்டு,
ஒரு சாணாகத் தாளை உரித்து உரித்து ஒட்டினேன்.
இழுக்கவே கூடாதாம்.
இழுத்து ஒட்டினால் அப்போது அழகாக இருக்கும்,
ராத்திரி மெல்லச் சுருங்கி மூலையைக் கைவிடும்.
அடிச்சட்டத்தில் இரண்டு சின்ன ஓட்டைகள்.
அவற்றையும் மூடப் போனவள் நிறுத்தினேன்.
அவை தண்ணீர் வெளியேறும் வழி.
எப்படியும் கொஞ்சம் உள்ளே வரும்
என்று தெரிந்த யாரோ துளைத்தது.

பயனீட்டுக் கட்டணச் சீட்டை இடுக்கில் வைத்து
சன்னலை மூடி இழுத்துப் பார்த்தேன்.
வரவில்லை.
இன்னும் இழுத்தேன்.
கட்ட வேண்டிய தொகை கிழிந்தது.

புதன் அதிகாலை அது மறுபடி வந்தது.
விசில் இல்லை.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
யாரோ சத்தமில்லாமல் கத்துவதுபோல்
மழை வாயை அசைத்தது.
டார்ச்சை எடுத்துக்கொண்டு விளிம்பெல்லாம் தடவினேன்.
காய்ந்திருந்தது, காய்ந்திருந்தது,
இரண்டு துண்டுகள் சந்திக்கும் மேல்மூலையில்
ஒரு சொட்டு.
உட்கார்ந்து கடிகாரம் பார்த்தேன்.

"பதினோரு நிமிடத்துக்கு ஒன்று" என்றேன் கடையில்.
நாலில் தேடினார், ஏழில் தேடினார்,
பத்தைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்தார்.
"அதுதான் கொஞ்சம்" என்றார்.
"ஒரு துணி வை."
விற்பதற்கு எதையும் எடுத்துத் தரவில்லை.