ஒரு நாழிகை

ஹாமர்ஃபெஸ்ட் துறைமுக அலுவலகத்தை அழைத்தால்
மறுமுனையில் என் மனைவி.
ஓட்ரூன். பிறவியிலேயே பார்வையில்லை.
ஊதுகிற ஓசையை வைத்தே எந்தக் கப்பல் என்பாள்.
மணி கேட்டால் மட்டும் கொஞ்சம் தயங்குவாள்.

அவள் உடம்புக்குள் இருக்கும் கடிகாரம்
நாளொன்றுக்கு ஒரு நாழிகை பிந்தும்.
நமக்கும் பிந்துமாம். காலை வெளிச்சம்
கண்வழி புகுந்து காதைத் திருகி
முள்ளைச் சரியாக வைத்துவிடுகிறதாம்.
அவளுக்கு அந்தக் கதவு இல்லை.
இருபத்துநான்கு நிமிடம், இருபத்துநான்கு நிமிடமாக நழுவி
முப்பதாம் நாள் நட்டநடுப் பகல் அவளுக்கு நள்ளிரவு.
அறுபதாம் நாள் ஊரோடு சேர்ந்து கொட்டாவி விடுவாள்.
ஒரு வாரம் நாங்கள் கணவன் மனைவி.
பிறகு மறுபடி கிளம்பிவிடுவாள்,
அதே கட்டிலில் படுத்தபடியே.

மெலடோனின்.
முதலில் நான் வாங்கி வந்தது ஐந்து மில்லிகிராம்.
பெரிதாக இருந்தால் பலமாக இருக்கும் என்பது என் கணக்கு,
வடக்கயிறும் அப்படித்தான் வாங்குவேன்.
மறுநாள் காலை பதினொன்றுக்கு
யாரோ ஒரு மாலுமி பேசிக்கொண்டிருக்கும்போதே
மேசைமேல் சாய்ந்துவிட்டாள்.

மருத்துவர் சிசெல் சிரிக்கவில்லை.
"இதை அடித்துத் தூங்கவைக்கிற மருந்தாக நினைக்காதீர்கள்.
இருட்டிவிட்டது என்று உடம்புக்குச் சொல்லும் சேதி, அவ்வளவுதான்.
கத்தாதீர்கள். நேரத்துக்குச் சொல்லுங்கள்."
அரை மில்லிகிராம். இரவு ஒன்பது. தினமும்.
பலிக்குமா என்றேன்.
"சிலருக்கு. சில மாதங்களில்."

மார்ச் போனது.
ஏப்ரலில் ஒருநாள் பின்னிரவு மூன்றுக்கு
முட்டை வேகவைத்து என்னைச் சாப்பிட எழுப்பினாள்.
அவள் உறங்கும் நேரத்தை அலமாரிக் கதவின் உட்புறம்
கைதிபோல் குறித்துவந்தேன்.
மே பாதியில்: பத்தரை. பத்தரை. பத்தே முக்கால். பத்தரை.
அவளிடம் சொல்லவில்லை,
கண் பட்டுவிடும் என்று பயம்.

அதற்குள் சூரியன் மறைவதை நிறுத்திக்கொண்டது.
நள்ளிரவில் தெருவெல்லாம் வெயில்.
தபால் நிலையத்து வாசலில் கலைமான்கள்
நீளமான நிழலோடு திரிகின்றன.
திரைச்சீலைமேல் கம்பளி மாட்டி ஆணி அடித்தும்
ஓரத்தில் கத்தி நுனிபோல் ஒளி.
புரள்கிறேன்.
பக்கத்தில் ஓட்ரூன் குறட்டை விடுகிறாள்.
இந்த ஊரில் இன்று இரவு வந்தது
இவள் ஒருத்திக்குத்தான்.

என் முழங்கை பட்டு விழிக்கிறாள்.
"மணி என்ன?"
ஒன்றரை.
"வெளிச்சமா?"
ஆமாம்.
"பாவம்," என்று மேசையைத் துழாவி
புட்டியை எடுத்துக் காதருகே குலுக்குகிறாள்.
"இப்போது தரமாட்டேன்.
ஒன்பது மணிக்குக் கேட்டிருக்க வேண்டும்."